குரூப் எடுத்த நாமும் மேஜர் எடுக்கும் பிள்ளைகளும்

அமெரிக்கக் கல்லூரிகளில் 'ப்ரீ-மெட்' என்று ஒரு மேஜர், அதாவது முதன்மைப் பாடம், அநேகமாக எங்கும் கிடையாது. நாலு வருஷ இளங்கலைப் படிப்பை முடித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று ஒரு மாணவர் சொல்லிக்கொள்வதற்குப் பெயர்தான் ப்ரீ-மெட். பட்டச் சான்றிதழில் அச்சாகப் போவது வேறு பெயர். உயிரியல், வரலாறு, கணிதம், இசை என்று எதுவாகவும் இருக்கலாம்.

இதை நம் பெற்றோருக்கு விளங்கவைப்பதிலேயே என் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி கழிந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது, "அக்கா, பொண்ணு பயாலஜிதானே எடுக்கணும்?" என்று ஆரம்பிப்பார்கள். "அப்படி ஒண்ணும் கட்டாயம் இல்ல" என்றால் நான் ஏதோ மறைக்கிறேன் என்பதுபோலப் பார்ப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நாமெல்லாம் ஊரில் பதினோராம் வகுப்பில் குரூப் எடுத்தவர்கள். பயோ-மேத்ஸா, ப்யூர் சயின்ஸா, காமர்ஸா என்று பதினைந்து வயதில் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்ததோடு கதை முடிந்தது. அன்று காமர்ஸ் எடுத்த பிள்ளை பிறகு எம்.பி.பி.எஸ். பற்றி யோசிக்கவே முடியாது. அந்தப் பயத்தை நாம் பெட்டியில் போட்டு இங்கேயும் கொண்டு வந்துவிட்டோம்.

இங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் கேட்பது சில குறிப்பிட்ட பாடங்களை மட்டும். கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறினாலும் பெரும்பாலும் இவ்வளவுதான்: உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல் ஆகிய நான்கும் லேபோடு தலா ஒரு வருஷம், பயோகெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர், புள்ளியியலோ வேறு கணிதமோ கொஞ்சம், ஆங்கிலம் அல்லது கட்டுரை எழுதும் வகுப்பு. நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்காக உளவியலும் சமூகவியலும் தலா ஒரு செமஸ்டர் படித்துவைப்பது நல்லது. இவற்றை முடித்த பிறகு மீதி நேரத்தில் என்ன படிக்கிறார்கள் என்பது பிள்ளையின் விருப்பம்.

இந்தப் பட்டியலின் வேர் 1910-ஆம் ஆண்டில் இருக்கிறது. ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த மருத்துவக் கல்லூரிகளை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார். பணம் கட்டினால் போதும், பள்ளிப் படிப்பை ஒழுங்காக முடிக்காதவரைக்கூடச் சேர்த்துக்கொண்ட கல்லூரிகள் அன்று நிறைய இருந்தன. மருத்துவம் படிக்க வருபவர் அதற்கு முன்பே கல்லூரியில் உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும் என்று அந்த அறிக்கை வற்புறுத்தியது. அது வந்த பிறகு பல கல்லூரிகள் இழுத்து மூடப்பட்டன. ஃப்ளெக்ஸ்னர் டாக்டர் இல்லை, பள்ளிக்கூடம் நடத்தியவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அவர் பட்டம் வாங்கியது கிரேக்க, லத்தீன் செவ்விலக்கியத்தில்!

அட்டவணையைப் பார்க்கும் விதம்

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி ஒவ்வொரு வருஷமும் மேஜர் வாரியாக ஓர் அட்டவணை வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சமீப வருஷங்களில் எம்.டி. படிப்புக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்து, சுமார் 23,000 பேர் சேர்ந்திருக்கிறார்கள். விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கு மேல் உயிரியல் சார்ந்த மேஜர்காரர்கள். இலக்கியம், தத்துவம், வரலாறு படித்துவிட்டு வருபவர்கள் சிறு கூட்டம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு இடம் கிடைக்கிறது என்று பார்த்தால் உயிரியல்காரர்களைவிட ஒரு படி மேலேயே இருக்கிறார்கள். ஹெல்த் சயின்ஸ் என்று பெயரிலேயே மருத்துவ வாசனை அடிக்கும் மேஜர்கள் கொஞ்சம் கீழே நிற்கின்றன.

இதைக் கண்டதும் "அப்போ தத்துவம் எடுத்தா சீட்டு உறுதி" என்று ஓடிவிடாதீர்கள். தத்துவம் படித்துக்கொண்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியையும் தாண்டி வருபவர் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர். மதிப்பெண் விழுந்தவர் விண்ணப்பம் வரைக்கும் வருவதே இல்லை, இந்த அட்டவணையிலும் வரமாட்டார். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: மேஜரின் பெயர் யாரையும் தூக்கிவிடவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை.

விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கு மேல் அந்த வருஷம் இடமில்லாமல் திரும்புகிறார்கள் என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. இதைப் பிள்ளையிடம் சொல்லத் தயங்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன், அபசகுனமாக நினைக்கிறார்கள். மேஜர் தேர்வில் இது பெரிய விஷயம். மருத்துவம் கிடைக்காவிட்டால், அல்லது இருபது வயதில் "எனக்கு இது வேண்டாம்" என்று பிள்ளையே சொன்னால், கையில் இருக்கப் போவது அந்தப் பட்டம் மட்டும்தான். மருத்துவத்தையே மறந்துவிட்டு யோசித்தாலும் படிக்கத் தோன்றும் பாடமாக அது இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கு

என் மகன் கதையைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை எழுத எனக்கு உரிமை இல்லை.

அவனுக்கு உயிரியல் பிடிக்கும். பூச்சி, தவளை, குளத்துப் பாசி என்றே வளர்ந்தவன். நானும் அவன் அப்பாவும் கம்ப்யூட்டர் துறை. வெறும் உயிரியல் பட்டத்துக்கு வேலை கிடைக்காதே என்ற கவலையில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எடுக்க வைத்தோம். மருத்துவமும் ஆச்சு, இன்ஜினியரிங்கும் ஆச்சு என்று எங்களுக்கு உள்ளூர ஒரு பெருமை. முதல் வருஷ அக்டோபரில் ஒரு ராத்திரி போன் வந்தது. "அம்மா, மிட்டெர்ம்ல ஐம்பத்திரண்டு." நான் வழக்கம்போல, "பரவால்லடா கண்ணா, அடுத்ததுல பார்த்துக்கலாம்" என்றேன். அடுத்ததும் அப்படியே. கால்குலஸ், இன்ஜினியரிங் இயற்பியல், புரோகிராமிங், சர்க்யூட்ஸ் என்று அடுக்கிவிட்டு நடுவே வேதியியலையும் செருகியிருந்தார்கள். இரண்டு வருஷ முடிவில் 64 கிரெடிட், ஜிபிஏ 3.3. ஒரு பொறியாளருக்கு அது நல்ல மதிப்பெண்தான். வேலைக்கு எடுப்பவர்கள் முகம் சுளிக்கமாட்டார்கள்.

அந்த மதிப்பெண் வந்த ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். மீதி 64 கிரெடிட்டிலும் ஒன்று விடாமல் ஏ வாங்கினாலும், 3.3-உம் 4.0-உம் சரிபாதி சேர்ந்து 3.65. எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ சமீப வருஷங்களில் 3.77-ஐ ஒட்டி இருக்கிறது. இனி ஒரு தப்புகூடச் செய்யாமல் ஓடினாலும் சராசரியைத் தொட முடியாது என்று அந்தக் கவர் சொன்னது. அவன் மேஜரை மாற்றிக்கொண்டான். உயிரியலுக்கேதான். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தான், இப்போது டி.ஓ. படிக்கிறான். எம்.டி. போலவே டி.ஓ.வும் முழு மருத்துவ உரிமம் தரும் பட்டம், அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் அந்த முதல் இரண்டு வருஷம் அவன் பட்ட பாடு எங்கள் கைங்கரியம்.

இன்ஜினியரிங் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பொருளைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டாமல் தூங்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் தாராளமாக எடுக்கட்டும். பல பல்கலைக்கழகங்களில் இன்ஜினியரிங்கை விட்டு வெளியே வருவது சுலபம், பிறகு உள்ளே நுழைவது கஷ்டம் என்பதையும் சேர்க்கைக்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணை யார், எப்படிக் கூட்டுகிறார்கள்

எம்.டி. கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகப் போக வேண்டும். டி.ஓ.வுக்கு வேறு விண்ணப்பம், டெக்சஸ் அரசுக் கல்லூரிகளுக்கு இன்னொன்று. ஆம்காஸ் உங்கள் பிள்ளையின் கல்லூரி போட்ட ஜிபிஏவை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, பாடம் பாடமாகத் தானே மறுபடி கூட்டுகிறது. நம் வீடுகள் சறுக்கும் இடம் இது.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ஒரு பிள்ளை சி வாங்கிவிட்டு, மறு வருஷம் திரும்ப எடுத்து ஏ வாங்குகிறாள் என்று வையுங்கள். பல கல்லூரிகள் பழைய சி-யை மறைத்து ஏ-யை மட்டும் கணக்கில் வைக்கும். ஆம்காஸ் இரண்டையும் கூட்டும்: நாலு கிரெடிட்டுக்கு 8 புள்ளி, இன்னொரு நாலு கிரெடிட்டுக்கு 16, ஆக 8 கிரெடிட்டுக்கு 24. சராசரி 3.0.

இன்னொன்று பலருக்குத் தெரிவதே இல்லை. பள்ளியில் படிக்கும்போதே பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் டூயல் என்ரோல்மெண்ட்டாகக் கல்லூரிப் பாடம் எடுக்கிறார்களே, அந்த மதிப்பெண்ணும் இந்தக் கூட்டலில் வந்து உட்காரும். பதினாறு வயதில் அரை மனதோடு எடுத்த ஒரு சி, இருபத்திரண்டு வயதில் விண்ணப்பத்தில் தலை நீட்டும். பக்கத்து வீட்டுப் பையன் நாலு எடுத்தான் என்று நாம் ஆறு எடுக்க வைப்பதற்கு முன் இதை யோசியுங்கள்.

மொத்த ஜிபிஏ தவிர, உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் மட்டும் சேர்த்து இன்னொரு ஜிபிஏ போடுகிறார்கள். அறிவியல் ஜிபிஏ என்று அதைத் தனியாகப் பார்ப்பார்கள். இதில் எது சேரும், எது சேராது என்பது மேஜரைப் பொறுத்துப் பெரிய வித்தியாசம் செய்யும். புள்ளியியல் கணிதத்தில் சேரும், நியூரோசயின்ஸ் உயிரியலில் சேரும், பயோகெமிஸ்ட்ரி வேதியியலில் சேரும். இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ், உளவியல் சேராது. ஆகவே கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜரில் ராத்திரி பகலாக உழைத்து வாங்கிய ஏ-க்கள் அறிவியல் ஜிபிஏவைத் தூக்காது. அங்கே நிற்பவை கட்டாயப் பாடங்களும் கணித வகுப்புகளும்தான், அவற்றில் ஒரு பி- விழுந்தால் பளிச்சென்று தெரியும். உயிரியல் மேஜருக்கு இதில் ஒரு வசதி உண்டு. முதல் வருஷம் தடுமாறினாலும், மூன்றாம் நாலாம் வருஷங்களின் மேல்நிலை வகுப்புகள் மெல்ல மெல்ல அதை ஈடுகட்டும்.

உயிரியலின் நிஜமான லாபமும் அதுதான், வசதி. கேட்கும் பாடங்களில் பெரும்பகுதி மேஜருக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் ஒரே வகுப்பில் முந்நூறு பேர் உட்கார்ந்து, முந்நூறு பேரும் டாக்டர் கனவோடு வகுப்பை ஒப்பிட்டு மதிப்பெண் போடும் ஒரே கர்வுக்காக முட்டிக்கொள்வதும் அங்கேதான்.

நர்சிங்கை ப்ரீ-மெட்டுக்கான படிக்கட்டாக எடுக்க நினைப்பவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அது தன்னளவில் முழுமையான, மரியாதையான தொழில். அதில் சொல்லித்தரும் வேதியியல் பல இடங்களில் வேறு பாடம், மருத்துவக் கல்லூரி கேட்கும் வேதியியலாகச் செல்லாது. கிளினிக்கல் நேரங்களோடு ஆர்கானிக் லேபையும் பொருத்துவது பெரும்பாடு. டபுள் மேஜருக்குத் தனி மதிப்பு ஏதும் கிடையாது. இரண்டும் பிடித்திருந்தால் எடுக்கலாம்.

பாட்டியின் வலி

இரண்டு வருஷத்துக்கு முன், நேர்காணலுக்குப் போகவிருந்த ஒரு பெண்ணுக்கு ஒத்திகை பார்க்க உட்கார்ந்தேன். மேஜர் மொழியியல். அவள் அம்மா சமையலறை வாசலில் கவலையோடு நின்றுகொண்டிருந்தார். நான் கேட்ட முதல் கேள்வியே, "டாக்டராகப் போறவ எதுக்கும்மா மொழியியல் படிச்சே?"

ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன கதையைச் சொன்னாள். பாட்டி, "நெஞ்சு கரிக்குது, வயிறு பொருமுது, கால் ரெண்டும் குடையுது" என்றாராம். போனில் மொழிபெயர்த்தவர் மூன்றுக்கும் சேர்த்து 'வலி' என்று ஒரே ஆங்கிலச் சொல்லைச் சொல்லி முடித்துவிட்டார். கரிப்பு வேறு, பொருமல் வேறு, குடைச்சல் வேறு. மூன்றையும் பிரித்துச் சொல்லியிருந்தால் டாக்டர் கேட்கும் அடுத்த கேள்வியே மாறியிருக்கும். அந்தப் பெண் பிறகு தன் செமஸ்டர் ஆய்வுக்காகச் சுற்றுவட்டாரத்துத் தமிழ்ப் பாட்டிகளிடம் போய், குத்தல், எரிச்சல், இழுப்பு, சுருக்குச் சுருக்கென்று, விண்விண்ணென்று என எத்தனை சொற்கள் இருக்கின்றன, எது உடம்பின் எந்த இடத்துக்கு என்று பட்டியல் போட்டாளாம். சொல்லச் சொல்ல அவள் குரல் வேகமெடுத்தது. நான் அடுத்த கேள்வியை மறந்துவிட்டேன்.

அதே கேள்வியை உயிரியல் மேஜர் பையன்களிடம் கேட்டிருக்கிறேன். "மருத்துவத்துக்கு உதவும்னுதான்" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது. உயிரியல்மேல் உண்மையான ஆசை உள்ள பையன் ஈரலைப் பற்றியே இருபது நிமிஷம் பேசுவான், அவனும் இந்தப் பெண்ணும் ஒரே ஜாதி.

இலக்கியம், மொழி பக்கம் போனவர்கள் மருத்துவத்தில் தேறியதற்குப் பெரிய பெயர்களும் உண்டு. புற்றுநோய் மரபணு ஆராய்ச்சிக்காக 1989-இல் நோபல் பெற்ற ஹரால்ட் வார்மஸ், ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர். ஹார்வர்டில் அதிலேயே முதுகலையும் முடித்துவிட்டுத்தான் மருத்துவத்துக்கு வந்தார். பெயரிலேயே தமிழைச் சுமந்த நரம்பு அறுவை மருத்துவர் பால் கலாநிதி, ஸ்டான்ஃபோர்டில் ஆங்கில இலக்கியமும் மனித உயிரியலும் படித்தவர். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987 முதலே இலக்கியம், வரலாறு போன்ற துறை மாணவர்களை எம்கேட் இல்லாமல் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. அப்படி வந்தவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவே படித்தார்கள் என்று அந்தக் கல்லூரிக்காரர்கள் 2010-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இப்போது அந்தத் திட்டம் எல்லா மேஜர்களுக்கும் திறந்திருக்கிறது.

எம்கேட்டிலும் இது உதவும். அதன் நான்கு பகுதிகளில் ஒன்றான கார்ஸில் அறிவியலே இருக்காது. கலை, தத்துவம், சமூகம் பற்றிய ஒன்பது பத்திகள், 53 கேள்விகள், 90 நிமிஷம். மனப்பாடத்துக்கு அங்கே வேலை இல்லை, படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். மற்ற மூன்றையும் ஊதித் தள்ளும் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். கதைப் புத்தகம் படிப்பதை வெட்டி வேலை என்று திட்டிய வீடுகளில் கூடுதலாக விழுவார்கள்.

விசா உள்ள வீடுகளுக்கு மட்டும்

பிள்ளை சிட்டிசனோ கிரீன் கார்டோ என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். எச்-4 விசாவில் வளரும் பிள்ளைக்கு இருபத்தொரு வயதானால் அந்த விசா முடிந்துவிடும், பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். கிரீன் கார்டு இல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்ளாத மருத்துவக் கல்லூரிகள் நிறைய, அரசுக் கல்விக் கடனும் அவர்களுக்குக் கிடைக்காது. ஆகவே இந்தப் பிள்ளைகளுக்கு மேஜர் என்பது விசாக் கணக்கும்தான். இன்றைய விதிப்படி, படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற வேலை அனுமதி எந்த மேஜருக்கும் 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள மேஜர் என்றால் அதற்கு மேல் இன்னும் 24 மாதம் கேட்கலாம். உயிரியல் அந்தப் பட்டியலில் இருக்கிறது, வரலாறு இல்லை. மொழியியல் பெண்ணின் கதையைக் கேட்டு நெகிழ்ந்தவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில், அந்த மேஜரின் குறியீட்டு எண் ஸ்டெம் பட்டியலில் உள்ளதா என்று கேளுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் கல்லூரிக்குக் கல்லூரி குறியீடு மாறும்.

எட்டுக் கட்டம்

மேஜர் எதுவானாலும், கல்லூரிக்குப் போகும் முன் ஒரு தாளில் எட்டுக் கட்டம் போடச் சொல்லுங்கள், ஒரு செமஸ்டருக்கு ஒன்று. நீங்கள் எழுதாதீர்கள், பிள்ளை எழுதட்டும். பென்சிலால்.

வரலாறு மேஜர் எடுக்கும் ஒரு பெண்ணை வைத்துப் பார்ப்போம். பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட். மருத்துவக் கல்லூரிக்கான பாடங்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 50. வரலாற்று மேஜருக்கு 35 என்று வையுங்கள். அப்படியும் 35 மிச்சம் இருக்கிறது. ஸ்பானிஷ் படிக்கலாம், அமெரிக்க மருத்துவமனையில் அதைப்போலக் கைகொடுக்கும் பாடம் குறைவு. முதல் செமஸ்டரில் லேப் உள்ள அறிவியல் பாடம் ஒன்று போதும், பொது வேதியியல். அதோடு ஒரு வரலாறு, ஒரு எழுத்து வகுப்பு, புள்ளியியல். இரண்டாவது செமஸ்டரில் வேதியியலின் மறுபாதியும் உளவியலும். இரண்டாம் வருஷம் உயிரியலும் ஆர்கானிக்கும். இரண்டுக்கும் லேப் உண்டு என்பதால் அந்த வருஷம் வேறு எதையும் கடினமாக வைக்கக் கூடாது. மூன்றாம் வருஷம் இயற்பியல், பயோகெமிஸ்ட்ரி, சமூகவியல், வசந்தத்தில் எம்கேட், மே மாதக் கடைசியில் விண்ணப்பம். அவசரம் இல்லையென்றால் இயற்பியலை நாலாம் வருஷத்துக்குத் தள்ளிவிட்டு, பட்டம் வாங்கிய பிறகு ஒரு வருஷம் இடைவெளி விட்டு விண்ணப்பிக்கலாம். இப்போது மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் வருகிறார்கள். ஒரு வருஷம் வீணாகிறதே என்று புலம்பும் மாமாக்களுக்கு இந்தத் தகவலைச் சொல்லுங்கள்.

பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபியில் மதிப்பெண் இருந்தால் எந்தப் பாடத்தை விடலாம் என்று பிள்ளை கேட்கும். கல்லூரி விட்டுவிடலாம் என்று சொல்லும். சில மருத்துவக் கல்லூரிகள் அதை ஏற்காது, அல்லது பதிலுக்கு அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்று கேட்கும். ப்ரீ-ஹெல்த் ஆலோசகர் என்று ஒருவர் பெரும்பாலான கல்லூரிகளில் இருப்பார். முதல் மாதமே போய், அந்தத் தாளை மேஜையில் விரித்து வைத்துக் கேட்க வேண்டும். முதல் சில வாரங்களில் ஒரு பாடம் கையை மீறிப் போகிறது என்று தெரிந்தால், டபிள்யூ போட்டு விலக எந்தத் தேதி கடைசி என்றும் அவரிடமே குறித்துக்கொள்ளட்டும். ஒரு டபிள்யூ ஜிபிஏவில் சேராது, ஒரு டி சேரும்.

எங்கள் வீட்டில் மகளின் தாள் இன்னும் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. மேஜர் என்ற இடத்தில் முதலில் நியூரோசயின்ஸ் என்று எழுதி அடித்து, பொதுச் சுகாதாரம் என்று எழுதி அதையும் அடித்து, இப்போது கணிதம் என்றிருக்கிறது. இயற்பியல் மூன்று கட்டம் மாறிவிட்டது. அவள் அப்பா போகும்போதும் வரும்போதும் அதன் முன் நின்று பார்க்கிறார். அண்ணனுக்குச் சொன்னதுபோல இவளுக்கு எதுவும் சொல்வதில்லை.